மாத்தளை முதல் சீதாஎலிய வரை: திருநங்கையரும் திருநம்பியரும் சேர்ந்து வரும் கோயில் பயணம்

மாசி மகத்தன்று மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிக்கு வருகின்றன. மலையகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு அம்மனைப் பார்த்துவிட வேண்டும் என்று வான் பிடித்து வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தே வந்த தோட்டத் தொழிலாளரின் பாதையில் நிற்கும் கோயில் இது. கட்டடத்தின் தொடக்கம் 1874 என்பார்கள். ராஜகோபுரத்தின் உயரம் 108 அடி. மாத்தளையில் தொடங்கி, கண்டி கட்டுக்கலை செல்வ விநாயகர், ரம்பொடை ஆஞ்சநேயர், நுவரெலியாவைத் தாண்டி சீதாஎலிய சீதை அம்மன் என்று இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம்.

அந்த வானில் ஒரு திருநங்கையோ (ஆணாகப் பதிவாகிப் பெண்ணாக வாழ்பவர்) திருநம்பியோ (பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர்) வருவதாக இருந்தால் உடன்வருகிறவர்கள் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் கூடும். அதில் முக்கால்வாசி கோயில் வாசலை மிதிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சன்னதியில் நின்றுகொண்டு உரிமைப் பேச்சுப் பேசுகிற துணை யாருக்கும் வேண்டாம். அவர் கைகூப்பி நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் திரும்பிப் பார்க்காதபடி ஏற்பாடு செய்து வைத்திருக்கிற துணைதான் வேண்டும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் அவரிடமே தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அக்காவா தங்கச்சியா, அண்ணனா தம்பியா. தான் திருநர் (திருநங்கை அல்லது திருநம்பி) என்பது வானில் யார் யாருக்குத் தெரியலாம். வழியில் யாராவது சொந்தக்காரர் எதிர்ப்பட்டால் என்ன சொல்லி அறிமுகம் செய்வது. கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாசி மகத்துக் கூட்டத்தில் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் கட்டாயம் எதிரே வருவார், பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். வீட்டுக்குச் சொல்லாமல் வாழ்கிறவர் என்றால், அந்த ஒரு நிமிடம் எல்லோர் முன்னிலும் புதுப் பெயரைப் பிடிவாதமாகச் சொல்லிக் காட்டுவதும் காட்டிக்கொடுப்பதுதான். அவர் சொன்னபடி செய்யுங்கள். உடம்பில் என்ன மாற்றியிருக்கிறார், என்ன ஊசி போடுகிறார் என்பதெல்லாம் பயண ஏற்பாட்டுக்குத் தேவையில்லாத கேள்விகள். வான் சாரதியிடம் முன்கூட்டிச் சொல்வதும் அவர் சரி என்றால் மட்டுமே. சொன்னாலும், “எல்லாரும் நம்ம வீட்டு ஆட்கள்தான், கேலிப் பேச்சு வேணாம்ணே” என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தங்குமிடத்துக்கு வருவோம். லொட்ஜிலோ மடத்திலோ அறை போடும்போது தேசிய அடையாள அட்டை கேட்பார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும்: முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாகப் பதிவானவருக்கு அந்த நாள் எண்ணுடன் 500 கூட்டப்படும். புதிய 12 இலக்க அட்டையிலும் கணக்கு அதேதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கம். ஆகவே பெயரும் படமும் இருக்கட்டும், எண்ணை வாசித்தாலே பதிவான பால் தெரிந்துவிடும். கவுண்டரில் இருக்கும் ஆளுக்கு இது நன்றாகத் தெரியும். எதிரே நிற்பது சேலை கட்டிய பெண், அட்டையில் ஆண் எண் என்றால் முதலாளியைக் கூப்பிடுவார், குரல் உயரும், வரவேற்பறையில் உள்ள அத்தனை பேரும் திரும்புவார்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி, குழுவில் ஒருவர் தன் அட்டையைக் கொடுத்து எல்லா அறைகளையும் தன் பெயரில் எடுப்பது. அதற்கும் முன்னால் தொலைபேசியில் பேசி, ஒருவரின் அட்டை போதுமா என்று கேட்டுவிடுங்கள். எல்லோர் அட்டையும் வேண்டும் என்கிற இடமாக இருந்தால், விஷயத்தை முன்கூட்டிச் சொல்லலாமா, வேறு இடம் பார்க்கலாமா என்று அவரையே தீர்மானிக்க விடுங்கள். 2016 முதல் இலங்கையில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பிறகு கிடைப்பது. அதை வைத்துப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். வழி இருக்கிறதே, ஏன் இன்னும் மாற்றவில்லை என்று வானில் வைத்துக் கேட்காதீர்கள். தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குப் போகிறவருக்கு மருத்துவமனை, பிரதேச செயலகம், கொழும்பு என்று ஒவ்வொரு நடையும் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இழப்பு. விண்ணப்பத்தோடு அலைகிற நாட்களில் அவர் கூடப் போய்வர ஆளிருந்தால் அது பெரிய உதவி.

உறவினர் வீட்டு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்கலாம் என்ற யோசனை வந்தால் இரண்டு தரம் யோசியுங்கள். லயத்தில் கதவைச் சாத்தி உடை மாற்ற இடமிருக்காது, கழிவறை பொதுவானது, விடியும் முன்பே செய்தி மேல்லயம் கீழ்லயம் எல்லாம் போய்விடும்.

கழிவறை விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். பயணத்தில் பொதுக் கழிவறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற திருநர்கள் நிறைய. சிறுநீரை அடக்கி அடக்கிக் கடுப்பும் தொற்றும் வரும், மலை வளைவுகளில் தலைசுற்றலும் சேர்ந்துகொள்ளும். திருநங்கையர் சிலர் எடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைக்கு இயல்பிலேயே சிறுநீரைக் கூட்டும் தன்மை உண்டு. கண்டியிலிருந்து நுவரெலியா சுமார் 77 கிலோமீற்றர். பேராதனை, கம்பளை, புசல்லாவ, ரம்பொடை என்று ஏறும் அந்தப் பாதையில் இரண்டு நிறுத்தமாவது போடுங்கள். ஆண், பெண் என்று வரிசையாகக் கதவுகள் உள்ள இடத்தைவிட, ஒரே கதவு, உள்ளே தாழ்ப்பாள் என்று இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடை நல்லது. “யாருக்காவது போகணுமா?” என்று வானில் சத்தமாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தேத்தண்ணிக்கு என்று நிறுத்துங்கள். பெண்கள் இருவர் எழுந்து போகும்போது அந்த அக்காவையும் “வாங்கக்கா” என்று சேர்த்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது.

திருநம்பியருக்கு வரும் சிக்கல் வேறு. மார்பை இறுக்கும் பைண்டர் அணிபவர்கள் அதை எட்டு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாது. விடியற்காலை மாத்தளையில் புறப்பட்டு இரவு நுவரெலியாவில் இறங்குகிற நாள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். கிரேப் பாண்டேஜ் சுற்றுவது அதைவிடக் கெடுதி, மூச்சு விட விட இறுகி விலா எலும்பைப் பதம் பார்க்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நல்ல வேளையாகக் குளிரும் உண்டு. ரம்பொடையைத் தாண்டியதும் எல்லோரும் சுவெட்டர் போடும் இடத்தில் அவரும் பைண்டரைக் கழற்றிவிட்டு, இறுக்கமில்லாத பனியனுக்கு மேல் தடித்த சுவெட்டர் போட்டுக்கொள்ளலாம்.

ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்ற வழக்கம் எல்லாக் கோயிலிலும் ஒரே மாதிரி இல்லை. போகும் கோயிலில் எப்படி என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெளி மண்டபத்தில் நின்று கும்பிடலாம். அப்படி நிற்கும்போது தம்பி ஒருத்தன் மட்டும் தனியாகச் சட்டையோடு நிற்பது எல்லோர் கண்ணுக்கும் படும்; குழுவிலுள்ள ஆண்கள் இன்னும் இரண்டு பேர் சட்டையோடு அங்கேயே நின்றுவிட்டால் படாது. தீட்டுக் கணக்கு யாரிடமும் கேட்கப்படக் கூடாது, திருநம்பியிடம் அறவே கூடாது.

இனி அர்ச்சனை. சீட்டுக் கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் ராசியும் கேட்பார்கள். வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் கூட்டத்துக்கும் கேட்கும், பெயரைத் திருப்பிக் கேட்பார்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒரு துண்டுத் தாளில் எல்லோர் பெயரையும் வீட்டிலேயே வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். “யாரு பேருக்குங்க?” என்றால் தாளை நீட்டி, “எங்க அக்கா தங்கச்சிமாரு, எல்லாம் இதுல இருக்குங்க” என்றால் போதும். சங்கல்பத்தில், அதாவது யாருக்காக அர்ச்சனை என்று சொல்லும் மந்திரத்தில், குருக்கள் ஆணுக்கு ‘ஜாதஸ்ய’ என்றும் பெண்ணுக்கு ‘ஜாதாயா:’ என்றும் சொல்வார். கேட்டுக்கொண்டு நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறார். தட்டைக் கொடுக்கும்போதே “இவங்க எங்க அக்கா, ஐயா” என்று மெல்லச் சொல்லிவிட்டால் அவருக்கும் தடுமாற்றமில்லை.

பிறகு வருவது பிரசாதம். விபூதி எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும். குங்குமமும் பூவும் பெண்கள் பக்கம் வரும்போது, சில இடங்களில் தட்டு ஒரு திருநங்கைக்கு முன்னால் வந்து தயங்கும். ஒரு கணம்தான், ஆனால் அவர் கை நீண்டு நிற்கும். அங்கே வாதம் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் பெண் தன் கையிலிருக்கும் பூவை எடுத்து இயல்பாக அவருக்கு வைத்துவிடலாம். குருக்களிடம் பேச வேண்டியதை நடை சாத்தும் நேரத்தில், கூட்டமில்லாதபோது, மரியாதையாகப் பேசலாம். பரிபாலன சபைக்கும் சொல்லலாம். நம் அனுபவத்தில் பல குருக்கள்மாருக்கு மனத்தடை கிடையாது, யாரும் சொல்லாததால் தெரியவில்லை, அவ்வளவே.

இந்த மாசி மாதத்தில்தான் தோட்டங்களில் காமன் கூத்தும் நடக்கிறது. கம்பம் ஊன்றி, ரதி மன்மதன் கல்யாணம் முடித்து, காமனை எரிக்கும்வரை ஊரே விரதம் இருக்கும். ரதி வேஷம் கட்டுவது ஆண். அவர் காலில் விழுந்து கும்பிடுகிற அதே லயத்தில், வேஷமில்லாமல் பெண்ணாக வாழ்கிற பிள்ளையைக் கல்லெறிந்து விரட்டியிருக்கிறோம். அர்த்தநாரியைக் கும்பிடும் சமயத்துக்குள் இருந்துகொண்டு இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் மறுபக்கமும் போய்விடாதீர்கள். திருநங்கை என்றால் கண்ணேறு கழிப்பார், வாழ்த்தினால் பலிக்கும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தலையில் கை வைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அவரும் உங்களைப் போலவே தன் கவலையைச் சொல்லத்தான் அம்மனிடம் வந்திருக்கிறார்.

தேர் நாள் கூட்டத்தில் கவனிக்க வேண்டியது வேறு. வடம் பிடிக்கும் இடத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும். கை வைக்கிற ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள். பெண்கள் முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று நின்று நடுவில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர் நிலைக்கு வரும் நேரத்தில் குடித்துவிட்டு நிற்கும் இளவட்டங்கள் கூடுவார்கள். அதற்கு முன்பே வானுக்குத் திரும்பிவிடுவது நல்லது. யாராவது கேலி செய்தால் முதலில் அவரை அங்கிருந்து நகர்த்துங்கள், பதில் சொல்வது பிறகு. யாராவது கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்தால், எடுப்பவருக்கும் அவருக்கும் நடுவில் போய் முதுகைக் காட்டி நில்லுங்கள். சண்டைக்குப் போனால் அந்த வீடியோவுக்கு இன்னும் பத்துப் பேர் சேருவார்கள்.

கோயிலுக்குள் வரக் கூடாது என்று யாராவது தடுத்தால், 1978 அரசியலமைப்பின் 12(3) உறுப்புரையை நினைவில் வையுங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் பேரில் கடை, உணவகம், ஹோட்டல், தன் மதத்தின் பொது வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் ஒருவர் போவதைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. பாலின அடையாளம் என்ற சொல் அதில் இல்லை என்பதும் உண்மை. கைகலப்பு என்றால் 119; அரச அதிகாரியோ பொலிஸோ தவறாக நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி எண். முறையிடலாமா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. தண்டனைச் சட்டக் கோவையில் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளும், ஆள்மாறாட்டத்துக்கான 399ஆம் பிரிவும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் திருநர்களை மிரட்டப் பயன்பட்டிருக்கின்றன. முறைப்பாடு கொடுக்கப் போனவரையே விசாரித்த கதைகள் தெரிந்தவர்கள் தயங்குவதில் நியாயமுண்டு.

சீதாஎலியவில் கூட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும். நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் சுமார் 5 கிலோமீற்றர். ஹக்கலைத் தாவரவியல் பூங்கா வருவதற்கு முன்பே, வீதியோரமே கோயில். ஓடையோரப் பாறையில் அனுமனின் பாதச்சுவடு என்று வணங்கும் பள்ளங்கள் இருக்கின்றன. பாறை வழுக்கும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இங்கே அவசரப்படுத்தாமல் விட்டுவிடுங்கள். கூட்டமாகப் படம் எடுத்தால், எந்தப் படத்தை எங்கே போடுவது என்று அவரைக் கேட்ட பிறகே முகநூலில் போடுங்கள். இடத்தின் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்துக் குறிக்க வேண்டாம். வீட்டார் கண்ணில் பட்டால் அடுத்த மாசி மகத்துக்கு அவரால் வர முடியாமல் போகலாம்.

சிவனொளிபாதமலையையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு: பருவம் மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரை, உச்சி 2,243 மீற்றர், ஹற்றன் வழியாக நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பைண்டரோடு ஒரு படியும் ஏற வேண்டாம். மூச்சு முழுதாக இறங்காது. இரவில் ஏறுவதால் எல்லோரும் ஜக்கெட்டுக்குள்தான் இருப்பார்கள், யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. வழிநெடுகத் தேத்தண்ணிக் கடைகள் இருப்பதால் ஓய்வுக்கும் குறைவில்லை. நால்வராக ஏறி, மெதுவாக ஏறுபவரின் வேகத்துக்கு மற்றவர்கள் நடந்தால் சரி.