தைராய்டை எடுத்த பிறகு என் காலை நேரம்

கழுத்தில் அறுவை சிகிச்சை என்றதும் எல்லோரையும் போல எனக்கும் கத்தியை நினைத்துத்தான் பயம். தையல் காய்ந்து, கம்மிப்போன குரல் தெளிந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் நீண்டகால வேலை எது என்று புரிந்தது. பாப்பில்லரி வகைப் புற்றுநோய் என்பதால் சுரப்பியின் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டார்கள். அது சுரந்துகொண்டிருந்த தைராக்ஸினை இனி ஆயுள் முழுக்க மாத்திரையாகத்தான் கொடுக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு, எனக்கு 100 மைக்ரோகிராமில் தொடங்கினார் டாக்டர். ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இதயத் துடிப்பு, உடல் சூடு, குடல் அசைவு, தூக்கம், நினைவு எல்லாம் அந்த ஒரு பங்கை நம்பியிருக்கின்றன.

“அதுதான் கட்டியை எடுத்தாயிற்றே, இன்னும் எதற்கம்மா மாத்திரை?” என்று பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அக்கறையோடு கஷாயம் சொன்னவர்களும் உண்டு. சுரப்பி மந்தமாக இருப்பவர்கள் வேறு, சுரப்பியே இல்லாதவர்கள் வேறு என்பதைப் பொறுமையாக விளக்கினேன். என் உடம்பில் தூண்டிவிடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. இந்த மாத்திரையை நோய்க்கான மருந்து என்றே நான் நினைப்பதில்லை. எடுத்துவிட்ட உறுப்பின் வேலையை அதுதான் செய்கிறது.

முதல் சில வாரங்களில் என்னைப் படுத்தியது தைராக்ஸின் அல்ல, கால்சியம். தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள்தான் ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்கின்றன. அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியில் அவை சில காலம் சோர்ந்துபோவதுண்டு. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் இருந்தது. ஒரு மாலை மல்லிகைப் பூ கட்டிக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் தானாக மடங்கி இழுத்துக்கொண்டது. நாரை விட முடியவில்லை. உடனே மருத்துவமனைக்குப் போனோம். கால்சியம் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். விரல்கள் சரியாயின.

இங்கேதான் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. மருந்துச் சீட்டில் கால்சியத்துக்குக் காலை, மதியம், இரவு என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அதன்படியே காலை இட்லியோடு அதையும் விழுங்கி வந்தேன். ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பரிசோதனை எடுத்தார்கள். ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால் ஏறும் தூண்டு ஹார்மோன் அது. அதன் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். எனக்கு அது 0.5க்கும் 2க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள்கூட விடாமல் போட்டும் இப்படியா என்று அழுகையே வந்துவிட்டது. டாக்டர் பதறவில்லை. “நாள் முழுக்க என்னென்ன விழுங்குகிறீர்கள்? மணியோடு சொல்லுங்கள் அம்மா” என்றார். சொன்னேன். கால்சியம் குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாமல் தடுத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்றார். தைராக்ஸின் அளவைக் கூட்டாமல், காலைக் கால்சியத்தை மட்டும் பதினோரு மணிக்குத் தள்ளிப்போட்டார். அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. டாக்டர் முடிவு செய்யும் அளவு மாத்திரைக்கு மட்டும் உரியதல்ல. எத்தனை மணிக்கு, எதோடு, எதற்கு முன்னால் போடுகிறோம் என்ற பழக்கத்தையும் சேர்த்துத்தான் அது பொருந்துகிறது. ஒரு நாள் வெறும் வயிற்றிலும் மறுநாள் காபியோடும் போட்டால், பரிசோதனையில் வரும் எண்ணை வைத்து எந்த டாக்டராலும் சரியான அளவைக் கண்டுபிடிக்க முடியாது.

என் வழக்கம் இதுதான். காலை ஐந்து மணிக்குத் தலைமாட்டில் இருக்கும் தண்ணீரோடு மாத்திரை. ஆறு மணி வரை வேறு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் ஐந்தரைக்கே டிகாக்‌ஷன் இறங்கிவிடும். அந்த மணத்தில் அரை மணி நேரம் காத்திருப்பது லேசுப்பட்டதல்ல. “காபி ஆறுகிறதே அம்மா” என்று அத்தை தொடக்கத்தில் தினமும் கூப்பிடுவார். இப்போது எனக்கான பாலை ஆறு மணிக்குத்தான் அடுப்பில் வைக்கிறார். காபியைத் தள்ளிப்போட முடியாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்வதாக 2010இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஒன்பதரைக்குச் சாப்பிடும் எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது.

கிழமை எழுதிய ஏழு அறைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் எடுத்துவைக்கிறேன். புட்டி அலமாரியில், அடுப்புச் சூடும் ஈரமும் படாத இடத்தில். “போட்டேனா, இல்லையா” என்று சந்தேகம் வந்தால் அன்றைய மூடியைத் திறந்தாலே தெரிந்துவிடும். இது அவசியம், ஏனென்றால் உடம்பு உடனே சொல்லாது. ரத்தத்தில் இருக்கும் தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். சில நாள் விட்டுப்போனாலும் ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். அசதியும் மலச்சிக்கலும் முகவீக்கமும் பிறகு மெதுவாக வந்து சேரும். விட்டுப்போனது அன்றைக்கே நினைவு வந்தால் அன்றைக்கே போடச் சொன்னார் டாக்டர். கேட்காமல் இரட்டிப்பாகப் போடக்கூடாது என்றும் சொன்னார்.

அலுப்புத் தட்டும் நாட்களில் நான் நினைத்துக்கொள்வது ஒரு பழைய செய்தியை. சுவிட்சர்லாந்தின் அறுவை சிகிச்சை நிபுணர் கோகர், தைராய்டை முழுவதும் எடுத்த தன் நோயாளிகள் வீங்கி, மந்தமாகி, அறிவு மழுங்கிப்போனதை 1883இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. 1891இல் இங்கிலாந்தில் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. எனக்கு மருந்துக்கடையில் கிடைக்கிறது.

அந்தக் கடையிலும் ஒரு கவனம் வேண்டும். ஒருமுறை 100க்குப் பதில் 125 என்று அச்சிட்ட புட்டியைக் கொடுத்துவிட்டார்கள். பெயரும் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணைப் படித்துப் பார்த்து மாற்றி வாங்கினேன். கம்பெனியை மாற்றிக் கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், மறுபடி டிஎஸ்எச் பார்க்கச் சொல்லலாம்.

ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைக் கையில் எடுத்துப்போய், ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆய்வகத்தின் பெஞ்சில் விழுங்குகிறேன். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். சில ஆய்வகக் கருவிகளில் அது எண்ணைப் பொய்யாகக் காட்டிவிடும். கடந்த முறை டாக்டர் அளவை மாற்றவில்லை. அடுத்த பரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.