மைனார்ஸ்கியின் கடைசி சல்யூட்

ஒவ்வொரு ஜூன் 13-ம் தேதியும், இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த கனடா விமானப்படை வீரர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி நினைவுக்கு வந்துவிடுகிறார். கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர், போலந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பையன், வயது வெறும் 27.

1944-ல் அந்த இரவு, பிரான்ஸின் காம்ப்ரே ரயில் நிலையத்தைக் குண்டுவீசித் தாக்கக் கிளம்பும் முன், புல்தரையில் கண்டெடுத்த நாலு இலை க்ளோவரை நண்பர் பேட் பிரோஃபியிடம் அதிர்ஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் ஜெர்மன் போர் விமானம் சுட்டதில் அவர்களுடைய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் தீப்பிடித்தது. எல்லோரும் குதிக்கச் சொல்லி உத்தரவு. மைனார்ஸ்கியும் குதித்திருக்கலாம். ஆனால் வால்பகுதித் துப்பாக்கிக் கூண்டில் பிரோஃபி சிக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, நெருப்புக்குள் தவழ்ந்து போய், கோடரியாலும் வெறும் கையாலும் கதவைத் திறக்கப் போராடினார். முடியவில்லை. பிரோஃபியே போ போ என்று கையசைத்தபின், முதுகைத் திருப்பாமல் பின்னாலேயே தவழ்ந்து வந்து, உடையெல்லாம் எரிய நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார்.

தீக்காயத்தால் இறந்துபோனார். விமானம் தரையில் மோதியபோது தூக்கியெறியப்பட்ட பிரோஃபி உயிர் பிழைத்தார்! அவர் சொல்லித்தான் இது உலகத்துக்குத் தெரிந்து, 1946-ல் மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

மைனார்ஸ்கி பிரான்ஸின் மெஹாரிகூர் கிராமத்துக் கல்லறையில் இருக்கிறார். கனடாவின் ஹாமில்டன் நகர விமான அருங்காட்சியகத்தின் லங்காஸ்டர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.