மங்குஸ்தான்: ஓடு பார்த்து வாங்குவது, ஃபிரிட்ஜ் இல்லாமல் வைப்பது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் கல்லாறு, பர்லியார் பக்கம் ஆனி, ஆடியில் மங்குஸ்தான் கிடைக்கும். பர்லியாரில் அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. இந்த சீசனில் அங்கே சாலையோரக் கடையில் வாங்கி, எப்படி வைத்தால் தாங்குகிறது என்று பார்த்தேன்.

பழத்தைத் தேர்ந்தெடுக்க நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கருஊதாவாக இருந்தாலும் ஓடு கல் மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். விரலால் அழுத்தினால் லேசாக இறங்கணும். காம்பும் அதை ஒட்டிய தடித்த இதழ்களும் பச்சையாக இருக்கணும். மேலே மஞ்சள் பால் கசிந்து உறைந்திருந்தால் சில சமயம் உள்ளேயும் இறங்கியிருக்கும், அந்தச் சுளை கசக்கும். அடியில் பூ மாதிரி ஒரு தழும்பு உண்டு. அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. நான் நிறைய இதழ் உள்ளதாகவே பொறுக்கினேன். சுளைகள் சிறியதாகி, பெரும்பாலானவற்றில் விதை இருக்காது.

வீட்டில் ஒரு பங்கை ஃபிரிட்ஜில் வைத்தேன். இன்னொரு பங்கை ஈரத்துணி சுற்றி, மண்பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைத்தேன். ஃபிரிட்ஜில் இருந்ததன் ஓடு இறுகிவிட்டது, கத்தியே திணறியது. மங்குஸ்தானுக்கு அவ்வளவு குளிர் ஆகாது. 13 டிகிரி அளவில் வைத்தால்தான் நீண்ட நாள் தாங்கும். ஈரத்துணிப் பழங்கள் வாரக் கடைசி வரை கையாலேயே பிளந்தன. ஒரே வாரத்துக்குள் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் ஃபிரிட்ஜ் பக்கமே போகாதீர்கள்.

பிளக்கும்போது இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்கித் திருகுங்கள். ஓட்டுச் சாறு துணியில் பட்டால் போகவே போகாது, அதனால் பழைய சட்டை போட்டுக்கொள்வது நல்லது. சுளையை ஜூஸ் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வாயில் கரையும் சுகம் அதில் போய்விடுகிறது. சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தாலே போதும்.

பெரிய சுளைகளின் விதையைக் கழுவி, காயவிடாமல் தென்னைநார்த் தூளில் ஊன்றியிருக்கிறேன். காய்ந்தால் இந்த விதை முளைக்காது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாகிற விதை என்பதால் கன்று தாய்மரம் போலவே வரும். காய்க்க ஏழெட்டு வருஷத்துக்கு மேலேயே ஆகும். சிலதில் இப்போது முளை தெரிகிறது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால், அடுத்து உயரமான பைக்கு மாற்றப்போகிறேன்.