தட்டில் செத்தது எதனால்? மலேரியா ஒட்டுண்ணிச் சோதனை நாட்குறிப்பு

ஜனவரி 6

செடிச் சாரம் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறதா, கொன்றால் எதனால் என்று பார்க்கும் சோதனை இது. நிழலில் உலர்ந்த நான்கு மாதிரிகள்: நிலவேம்பு, வேப்பிலை, கடுக்காய்த் தோல், பூந்திக்கொட்டைத் தோல். அரைக்கும் முன்பே ஒவ்வொன்றிலும் பூவோடு ஒரு கிளையை அழுத்தி, எண்ணிட்டு, உலர்தாவரச் சேகரிப்புக்கு அனுப்பியாயிற்று. நாட்டுப் பெயரை மட்டும் நம்பக்கூடாது. சிறியாநங்கை என்று கேட்டால் ஒருவர் நிலவேம்பைத் தருவார், இன்னொருவர் வேறு செடியை நீட்டுவார்.

தூள் 50 கிராம், மெத்தனால் 500 மி.லி., 72 மணி நேரம் அறை வெப்பத்தில் குலுக்கியில்.

ஜனவரி 9

வாட்மன் 1ஆம் எண் தாளில் வடித்து, ரோட்டரி எவாப்பரேட்டரில் (வெற்றிடத்தில் குடுவையைச் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்தோம். சீக்கிரம் முடியட்டுமென்று 60க்கு ஏற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைக் கண்டறிந்த சீன விஞ்ஞானி து யூயூவின் குழு எடுத்த மாசிபத்திரி இனச் செடி கொதிநீரில் ஒழுங்காகப் பலன் தரவில்லை. செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன பழங்காலச் சீன மருத்துவர் கோ ஹொங்கின் குறிப்பைப் பார்த்த பிறகுதான், 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதருக்கு மாறினார்கள். 1971இல் பலன் தெரிந்தது. அதற்காக எல்லாச் செடிக்கும் ஈதர்தான் என்றில்லை; சூட்டைக் கூட்டாதே என்பதே இங்கே பாடம்.

எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்த வேண்டும். மெத்தனால் மிச்சமிருந்தால் அதுவே ஒட்டுண்ணியைக் கொல்லும்.

ஜனவரி 14

டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மி.லி.க்கு 20 மி.கி. சாரக் கரைசல். 200 மடங்கு நீர்த்தால் சோதனைத் தட்டின் குழியில் மி.லி.க்கு 100 மைக்ரோகிராம், டிஎம்எஸ்ஓ 0.5%. படிப்படியாகப் பாதியாக்கும்போது வெறும் வளர்ப்பு ஊடகத்தில் நீர்த்தால் டிஎம்எஸ்ஓவும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். செறிவுக்கு எதிரே பலனைக் காட்டும் வளைகோடு பொய் சொல்லும். ஆகவே 1% டிஎம்எஸ்ஓ கலந்த ஊடகத்திலேயே இரட்டைச் செறிவுத் தொடரைத் தயாரித்தோம்.

ஜனவரி 15

3டி7 என்ற ஆய்வக மலேரியா ஒட்டுண்ணி வகையைச் சிவப்பணுவில் வளர்த்த வளர்ப்பை 5% சார்பிட்டாலில் 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்ததில் முதிர்ந்த ஒட்டுண்ணிகள் இருந்த அணுக்கள் உடைந்து, இளம் வளைய நிலை மட்டும் மிஞ்சியது. 96 குழித் தட்டில் சாரம் 100 மைக்ரோலிட்டர், வளர்ப்பு 100 மைக்ரோலிட்டர். கலந்தபின் ஹீமாட்டோகிரிட் (கன அளவில் சிவப்பணுவின் பங்கு) 2%, அணுக்களில் தொற்றியவை 0.5%. ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும். அவற்றில் ஊடகம் மட்டும். ஒப்பிட, தெரிந்த மலேரியா மருந்தான குளோரோகுயின் ஒரு வரிசை. ஒவ்வொரு செறிவுக்கும் தொற்றில்லாத சிவப்பணுவோடு ஒரு குழி. இதை மிச்சம் பிடித்தால் பின்னால் அழ வேண்டியிருக்கும்.

தட்டைச் சுற்றி 5% கார்பன் டை ஆக்சைடு, 5% ஆக்சிஜன், மீதி நைட்ரஜன். 72 மணி நேரம்.

ஜனவரி 18

டிஎன்ஏவோடு ஒட்டி ஒளிரும் சாயமான சைபர் கிரீன் கலந்த உடைப்புக் கரைசலை ஊற்றி, இருட்டில் ஒரு மணி நேரம் வைத்து, 485 நானோமீட்டர் ஒளியில் தூண்டி 530இல் வாசித்தோம். சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஒளிர்வதெல்லாம் ஒட்டுண்ணியின் டிஎன்ஏ. வெள்ளணு நீக்காத ரத்தம் என்றால் இந்தக் கணக்கே குலையும்.

குளோரோகுயினில் பாதி ஒட்டுண்ணியைக் கொல்லும் செறிவு வழக்கம்போல 10–20 நானோமோலாரில் நின்றது; ஆகவே இந்தத் தட்டை நம்பலாம். நான்கில் மிக வீரியமாகத் தெரிந்தது பூந்திக்கொட்டை! சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அதிலுள்ள நுரை தரும் பொருளான சபோனின் சிவப்பணுவையே உடைக்கும். வீடு இடிந்தால் குடியிருப்பவன் பிழைப்பானா? ஒட்டுண்ணியை வெளியே எடுக்கும் உடைப்புக் கரைசலில் நாமே 0.008% சபோனின் போடுகிறோமே. வேப்பிலையில் வேறு சிக்கல்: பச்சையம் ஒளிர்வை விழுங்கியது. தொற்றில்லாத குழிகள் அதைக் காட்டிக்கொடுத்தன. ஜீம்சா சாயமிட்ட ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்ணால் எண்ணியதையே வேப்பிலைக்குக் கணக்கில் எடுத்தோம்.

ஜனவரி 22

சாரமே சிவப்பணுவை உடைக்கிறதா என்று பார்க்க, தொற்றில்லாத 2% சிவப்பணுவை அதே செறிவுகளில் 72 மணி நேரம் வைத்துச் சுழற்றி, மேல்நீரை 540 நானோமீட்டரில் அளந்தோம். முழு உடைப்புக்கு 1% டிரைட்டான் என்ற சோப்புப் பொருள், உடைப்பே இல்லாத அளவுக்கு டிஎம்எஸ்ஓ மட்டும், சாரத்தின் சொந்த நிறத்தைக் கழிக்க அணு இல்லாத குழி. பூந்திக்கொட்டையில் ஒட்டுண்ணி செத்த செறிவுகள் எல்லாவற்றிலும் மேல்நீர் சிவப்பு. தள்ளுபடி.

ஜனவரி 24

கடுக்காய்க் குழிகளில் மெல்லிய கலங்கல். கடுக்காயின் துவர்ப்புப் பொருளான டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. டானினைப் பிடித்துவைக்கும் பாலிஅமைடு நிரல் வழியே சாரத்தை இறக்கி மறுபடி சோதித்தோம்; வீரியம் போய்விட்டது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பாலிஅமைடு சில ஃபிளேவனாய்டுகளையும் (செடியிலுள்ள வேறொரு வகைப் பொருள்கள்) பிடித்துவைக்கும். நிரலில் தங்கியதைத் தனியே கழுவி எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 29

மனிதச் செல்லையும் கொல்கின்றனவா என்று பார்க்க, நிலவேம்பும் வேப்பிலையும் ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் செல்களில். உயிருள்ள செல்லில் ஊதாவாகும் சாயமான எம்டிடி சேர்க்கும் முன் இருமுறை கழுவியாக வேண்டும். சாரத்திலுள்ள ஒடுக்கும் பொருள்களே எம்டிடியை ஊதாவாக்கி, செத்த செல்லை உயிரோடு காட்டும். செல்லில் பாதியைக் கொல்லும் செறிவை ஒட்டுண்ணியில் பாதியைக் கொல்லும் செறிவால் வகுத்து 10க்குக் கீழ் வந்தால், அது பொதுவான நஞ்சா என்ற சந்தேகம் தீராது. அப்படிப்பட்ட சாரம் எலிச் சோதனைக்குப் போகக்கூடாது.

இரண்டில் நிலவேம்பு மட்டும் 10ஐத் தாண்டியது. அடுத்து ஹெக்சேன், எத்தில் அசிடேட், பியூட்டனால் என்ற கரைப்பான்களால் சாரத்தைப் பகுதிகளாகப் பிரிப்பு. குளோரோகுயினுக்கு அடங்காத ஒட்டுண்ணி வகையான டிடி2விலும் அதே தட்டுச் சோதனை.