உப்பு எங்கே போனது?

திருப்பூரில் ஒரு சாய ஆலையின் சுத்திகரிப்புப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேதியியலாளராக வேலை பார்த்தேன். சேர்ந்த அன்று எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, மாசு கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆலைக்கு வழங்கியிருந்த இசைவாணையைப் படித்து, அதிலுள்ள நிபந்தனைகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுவது. ஆலைக்காரர்கள் அதைக் ‘கன்சென்ட்’ என்பார்கள். கன்சென்ட் வந்துவிட்டதா, புதுப்பித்தாகிவிட்டதா என்று எல்லோரும் கேட்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சாயக்கழிவால் நிலம் இழந்தவர்களும்கூட அந்தத் தாளைப் பார்த்ததில்லை என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும், 1981-ஆம் ஆண்டு காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவும் சொல்வது எளிமையானது: வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் கழிவுநீரையோ புகையையோ வெளியேற்றும் தொழிலைத் தொடங்கக் கூடாது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைக்கப்பட்டது. கட்டடம் எழுப்பும் முன் நிறுவுவதற்கான இசைவு, இயந்திரங்கள் பொருத்தி முடித்தபின் இயக்குவதற்கான இசைவு என்று இரண்டு படிகள் உண்டு. தொழில்களை அவற்றின் மாசுத் திறனுக்கு மதிப்பெண் போட்டு வகை பிரிக்கிறார்கள். 2016-இல் மத்திய வாரியம் வகுத்த முறைப்படி 60-உம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, அதற்கும் கீழே வெள்ளை என்று இருந்தது; 2025-இல் இந்த எல்லைகளை மாற்றினார்கள். சாய ஆலை சிவப்பு வகையைச் சேர்ந்தது. விண்ணப்பத்தின்மீது நான்கு மாதத்துக்குள் வாரியம் முடிவெடுக்காவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கருதப்படும் என்றும் நீர்ச் சட்டம் சொல்கிறது. ஆள் பற்றாக்குறையால் ஒரு கோப்பு தேங்கி நின்றால் அதன் பலன் யாருக்குப் போகும் என்பதை இந்த விதி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. இது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

இசைவாணைக்குள் இருப்பவை பெரும்பாலும் எண்கள்தான். மாதம் எத்தனை டன் துணிக்குச் சாயம் ஏற்றலாம், நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் உண்டாகலாம், அது எங்கே போக வேண்டும், கொதிகலனின் புகைபோக்கி எத்தனை மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பவையெல்லாம் அதில் இருக்கும். நீர்நிலையில் விட அனுமதி பெற்ற தொழில் என்றால் லிட்டருக்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 30 மில்லிகிராம், வேதி ஆக்சிஜன் தேவை (அதை வேதிப்பொருளால் சிதைக்க வேண்டியது) 250, கரைந்த உப்புகள் 2100 என்று வரம்புகள் வரும். திருப்பூர்ச் சாய ஆலைக்கு அந்த வரம்புகளுக்கே இடமில்லை. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பதே அங்கே நிபந்தனை.

இந்த நிபந்தனை நொய்யல் ஆறு கெட்டுப்போன பிறகு வந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தொட்டியாகிவிட்டது. தங்களுக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை வந்தது. அவர்களின் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஆலைகள் 2007 ஜூலைக்குள் பூஜ்ஜிய வெளியேற்றத்துக்கு மாற வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி உயரும் அபராதம் கட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய ஆலைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தனை ஆண்டுகளும் பல ஆலைகளின் கையில் வாரியத்தின் இசைவாணை இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். சட்டப்படி மாதிரி எடுப்பதென்றால், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்திலிருந்து வருபவர் ஆலைக்காரருக்குத் தெரிவித்து, அவர் முன்னிலையிலேயே நீரை எடுத்து இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டையும் புட்டியில் அடைத்து அரக்கு முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நான் இருந்த நாட்களில் ஜீப் வாசலுக்கு வந்தவுடன் காவலாளி உள்ளே போன் செய்வார். அலுவலர் தேநீர் மேசையைத் தாண்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் எந்த வால்வு மூடப்பட்டது, எந்தப் பம்பு ஓடத் தொடங்கியது என்பதை நானே பார்த்திருக்கிறேன். நான் அப்போது வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். புட்டியில் விழுவது அந்த நிமிடத்து நீர். மழை பெய்யும் நள்ளிரவில் ஓடைக்குள் திறந்துவிடப்பட்ட நீர் எந்தப் புட்டியிலும் இல்லை.

எவ்வளவு நீர் ஓடுகிறது என்று அளக்க, பம்பில் பொருத்திய மின்காந்த ஓட்டமானிகளும், கேமராக்களும், கிண்டியில் உள்ள வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்கு நேரடியாகத் தரவு அனுப்பும் கருவிகளும் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியது உண்மை. ஆனால் ஓட்டமானி, தான் பொருத்தப்பட்ட குழாய் வழியாகப் போகும் நீரை மட்டுமே அறியும்.

பொய் சொல்ல முடியாத ஒரு சாட்சி ஆலைக்குள்ளேயே இருக்கிறது. அது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, சாயத்தொட்டியில் உப்பு போட்டாக வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேலும் போகும். சராசரியாக 50 கிராம் என்றும், ஒரு கிலோ துணிக்குத் தொட்டியில் எட்டு லிட்டர் நீர் என்றும் வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 400 கிராம் உப்பு ஆகிறது. நாளுக்கு இரண்டு டன் துணி ஓட்டும் நடுத்தர ஆலையில் அது 800 கிலோ. மாதம் 25 நாள் ஓடினால் 20 டன். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்கள் அதைத் தின்பதில்லை, சுண்ணாம்பு போட்டாலும் அது படிவதில்லை. சவ்வு வடிகட்டி நீரை ஒரு பக்கமும் உப்பை மறுபக்கமும் பிரிக்கிறது, அவ்வளவுதான். பிரிந்த உப்புக்கரைசல் மறுபடி சாயத்தொட்டிக்கு வரலாம், அல்லது ஆவியாக்கியில் வற்றி, பழுப்பு நிறக் கலப்பு உப்பாக மூட்டை கட்டப்பட்டுக் கொட்டகையில் அடுக்கப்படலாம். மூன்றாவது வழி ஒன்றுதான், ஆற்றுக்குப் போவது.

ஆகவே ஒவ்வொரு மாதமும் ஆலை புதிதாக வாங்கும் உப்பு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உப்பு அந்த மாதத்தில் ஆலையின் நீர்ச் சுழற்சியிலிருந்து வெளியேறியிருக்கிறது. உப்பு வாங்கிய பில்லும் கொட்டகை மூட்டைகளின் எடையும் ஓரளவுக்காவது ஒத்துப்போக வேண்டும். ஆவியாக்கிக்கு நீராவி தரும் கொதிகலனுக்கு எத்தனை டன் விறகு இறங்கியது, ஆவியாக்கி எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கும் கூடவே இருக்கிறது. இந்த நான்கு தாள்களையும் ஒரு மேசையில் பரப்பினால், நொய்யலுக்கே போகாமல் நொய்யலுக்கு என்ன போனது என்று சொல்லிவிடலாம். புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பொறியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த உப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் இசைவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

மீறல் கண்டுபிடிக்கப்பட்டால் முதலில் காரணம் கேட்கும் நோட்டீஸ் வரும். பதில் திருப்தி தராவிட்டால், நீர்ச் சட்டத்தில் 1988-இல் சேர்க்கப்பட்ட 33ஏ பிரிவின்கீழ் ஆலையை மூடவும் மின்சாரத்தை நிறுத்தவும் உத்தரவிடலாம். வழக்கு என்றால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். மின்சாரம் போனால் அன்றைக்கே ஆர்டர் தவறும். ஆலை முதலாளிகள் உண்மையில் அஞ்சுவது இந்தப் பிரிவுக்குத்தான்.

இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் ஒரு கணக்கு முறை தந்திருக்கிறது. சிவப்பு வகைக்கு 80 மதிப்பெண், அதை 250 ரூபாயால் பெருக்கி, சிறு ஆலை என்றால் பாதியாக்கி, ஊரின் மக்கள்தொகைக்கான எண்ணாலும் மீறிய நாட்களாலும் பெருக்க வேண்டும். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள இடத்தில் சிறு சாய ஆலைக்கு இது நாளுக்கு 10,000 ரூபாய் ஆகிறது. இந்தப் பெருக்கலில் ஆற்றில் விட்ட உப்பின் அளவு எங்குமே இல்லை. ஒரு வாளி விட்டவருக்கும் இரவு முழுதும் விட்டவருக்கும் ஒரே தொகைதான். சேதத்துக்கான ஈட்டுத்தொகையை வாரியங்களே விதிக்கலாம், ஆனால் அதற்கான முறைகளை விதிகளாக வகுத்த பிறகே விதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த விதிகளை எழுதுபவர்கள் எடையையும் அளவையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வேலையை விட்டபின் சென்னிமலைப் பக்கம் பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். மோட்டார் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு விரல் தடிமனுக்கு இறுகியிருந்தது. “வாயில வெச்சுப் பாரு கண்ணு, கரிக்கும்” என்றார். நாங்கள் அன்று பேசியது நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் ஆறாவது உட்பிரிவைப் பற்றி: இசைவில் விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், அந்த வெளியேற்றத்தால் பாதிக்கப்படும் எவரும் நியாயமான நேரத்தில் வந்து அதைப் பார்வையிடலாம். ஐம்பது ஆண்டுகளாகச் சட்டத்தில் இருக்கும் இந்த வரியைப் பெரியப்பா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய்த் தன் கிணற்று நீரைச் சோதித்த பழைய சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த அலுவலகம் திங்கட்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டார்.