மெத்வெஜா கல்லறையும் எங்கள் பிணவறையும்

அழுகத் தொடங்கிய சடலத்தைப் பார்த்ததும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "வாயிலும் மூக்கிலும் ரத்தம் வழிகிறதே டாக்டர், யாராவது அடித்துக் கொன்றிருப்பார்களோ?" தடய மருத்துவத்தில் இருப்பவர்கள் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும். இறந்தபின் குடலிலுள்ள பாக்டீரியாக்கள் வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு உப்பி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, நுரையீரலில் தேங்கிய செந்நிற நீர் வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளியேறுகிறது. நம் ஊர் வெயிலில் இரண்டாம் நாளே இதைப் பார்க்கலாம். அதற்கு அடிபட்டிருக்க வேண்டியதில்லை.

இதை விளக்கும்போதெல்லாம் எனக்கு யோஹான் ஃப்ளூக்கிங்கர் நினைவுக்கு வருவார். ஆஸ்திரியப் படை மருத்துவரான அவர், 1732 ஜனவரியில், அப்போது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியிலிருந்த செர்பியாவின் மெத்வெஜா கிராமத்துக்கு விசாரணைக்குப் போனார். ஊரில் அடுத்தடுத்துச் சாவுகள். சில ஆண்டுகளுக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்த அர்னால்ட் பாவ்லே ரத்தக்காட்டேரியாகிவிட்டான், எல்லாம் அவனால் வந்த வினை என்று மக்கள் நம்பினார்கள். ஃப்ளூக்கிங்கர் கல்லறைகளைத் திறக்கச் செய்து, ஒவ்வோர் உடலாகப் பரிசோதித்து அறிக்கை எழுதினார்.

எவ்வளவு கூர்மையான கண் அவருக்கு! பிரசவத்தில் இறந்த ஸ்டானா என்ற இருபது வயதுப் பெண்ணின் கை, கால் நகங்கள் தோலோடு கழன்றிருந்தன, அடியில் புதிய தோலும் நகமும் தெரிந்தன என்கிறார். மேல்தோல் நகங்களோடு கையுறைபோல உரிந்து வருவதை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். உரிந்த இடம் சிவந்து பளபளக்கும். நகம் இருந்த இடத்தில் இளநகம் முளைத்திருக்கிறது என்றே தோன்றும். மிலிட்ஸா என்ற அறுபது வயதுப் பெண், உயிரோடிருந்தபோது மெலிந்தவள், கல்லறையில் கொழுத்துக் கிடந்ததைக் கண்டு ஊரார் திகைத்தார்களாம். அதுவும் வாயுவின் வேலைதான். கடைசியில் ரத்தக்காட்டேரிகள் என்று முடிவுகட்டியவர்களின் தலைகளை வெட்டி, உடல்களை எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் கொட்டினார்கள்.

அந்த ஆண்டே செய்தி லண்டன் பத்திரிகைக்கு எட்டிவிட்டது. 1819இல் ஜான் பாலிடோரியின் ரத்தக்காட்டேரிக் கதையான 'தி வாம்பயர்' அச்சேறியபோது, அதற்கு எழுதப்பட்ட முன்னுரையிலும் அர்னால்ட் பாவ்லே வந்தான். பாலிடோரியும் மருத்துவம் படித்தவர்தான். ஆனால் உப்பிச் சிவந்து மண்ணில் கிடந்த கிராமத்தான், அவருடைய கதையில் வெளிறிய முகத்தோடு லண்டன் விருந்துகளில் உலவும் பிரபுவாகிவிட்டான். திகிலும் மர்மமும் கலந்த கோதிக் புனைவில் அந்தப் பிரபுதான் நிலைத்தான்.

இருந்தாலும் பழைய சடலம் முற்றிலும் மறையவில்லை. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் (1897) பெட்டிக்குள் கிடக்கும் பிரபுவின் கன்னம் உப்பியிருக்கிறது, வாயோரம் ரத்தம் வழிகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' (1872). அதில் ரத்தக்காட்டேரியின் கல்லறை திறக்கப்படும்போது இரண்டு மருத்துவர்கள் உடனிருந்து, மெல்லிய மூச்சும் இதயத்துடிப்பும் இருப்பதாகச் சான்றளிக்கிறார்கள். நாங்கள் அன்றாடம் எழுதும் அறிக்கையின் நிதானமான தொனிதான் அங்கே திகிலை உண்டாக்குகிறது.

துறைக்குப் புதிதாக வரும் முதுநிலை மாணவர்களுக்கு ஃப்ளூக்கிங்கரின் அறிக்கையைக் கொடுத்து, அவர் கண்டது எது, முடிவுகட்டியது எது என்று பிரிக்கச் சொல்வேன். தோல், நகம், ரத்தம் பற்றிய வரிகளில் அவர்கள் தவறென்று அடித்துவிடுவதற்கு அநேகமாக எதுவும் இருப்பதில்லை.