நிம்முவில் பார்த்த கலங்கல்

லடாக் போகிற எல்லாரும் எடுக்கும் படத்தைத்தான் நானும் முதலில் எடுத்தேன். லேயிலிருந்து கார்கில் சாலையில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால், நிம்மு ஊருக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்துவார்கள். கீழே சிந்து ஆறும் ஜான்ஸ்கார் ஆறும் கூடுகிற கூடுதுறை. நான் போனது ஜூலையில். சிந்து கொஞ்சம் பச்சையாக வர, ஜான்ஸ்கார் சிமெண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் வந்து அதில் விழுந்தது, கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டாமல் அக்கம்பக்கமாக ஓடி, அப்புறம் கலங்கல்தான் ஜெயித்தது. மழையே இல்லாத ஊரில் ஆறு ஏன் இவ்வளவு கலங்கலாக வருகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "அந்த ஆறு வரும் ஜான்ஸ்கார் பக்கம்தானே போகிறோம், அங்கே காட்டுகிறேன்" என்றார். ஐம்பது வயதுக்காரர். முதல் நாள் 'பாய்' என்று கூப்பிட்டேன், இரண்டாம் நாளிலிருந்து 'அச்சோ-லே' ஆகிவிட்டார். அச்சோ என்றால் அண்ணன். அந்த 'லே' நாம் பேச்சில் சேர்க்கும் 'ங்க' மாதிரி, மரியாதைக்கு.

லடாக்கில் ஒரு விஷயம் முதல் நாளே கண்ணை உறுத்தும். எல்லா மலையும் மொட்டை. பச்சை எங்காவது திட்டாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் வாயில்தான் இருக்கிறது. இடுக்கான பள்ளத்தில் வேகமாக ஓடிவரும் ஓடை, வெளியே அகலமான இடத்துக்கு வந்ததும் வேகத்தை இழக்கிறது, சுமையையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. பாறையும் பெரிய கல்லும் மேலே நின்றுவிடும், சரளை நடுவில், மணலும் வண்டலும் கீழே வரை பரவும், இப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் போட்டுப் போட்டு விசிறியை விரித்துவைத்தது போல ஒரு மேடு உண்டாகிவிடும். மண்ணும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால் ஊரும் வயலும் அதன் மேலேயே அமைந்துவிட்டன. லே நகரமே அப்படிப்பட்ட விசிறி மேடுதான்.

வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான் அங்கே. அதனால் அந்த விசிறி இன்னும் வேலையை முடிக்கவில்லை என்பதே மறந்துபோகும். 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி நள்ளிரவில் மேகவெடிப்பு. தண்ணீர் மட்டுமா வந்தது, மண்ணும் பாறையும் குழைந்து கூழாக இறங்கி, லேயின் பேருந்து நிலையப் பகுதியையும் கீழே சோக்லம்சர் ஊரையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வயலைக் கொடுத்ததும் வீட்டைப் புதைத்ததும் ஒரே ஓடை வழிதான். இப்போதும் அந்த வழியில் புதுக் கட்டிடங்கள் எழும்புவதைப் பார்த்தேன், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் சம நிலத்துக்கு அவர்கள் வேறு எங்கே போவார்கள் என்பதும் நியாயமான கேள்வி.

லாமாயுருவை 'நிலா பூமி' என்று விற்கிறார்கள். பொம்மைக் கடை விளம்பரம் மாதிரி இருக்கிறதே என்று அசட்டையாகத்தான் இறங்கினேன். வெளிர் மஞ்சள் மண், யானைத் தோல் போலச் சுருக்கம் சுருக்கமாக. கையில் எடுத்தால் கல்லே இல்லை, மைதா மாதிரி நைஸ். சரிவில் மண் அறுந்த இடத்தில் பார்த்தால் வரி வரியாக அடுக்கு. ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு அடைபட்டு ஏரியாகக் கிடந்தது, அதன் அடியில் படிந்த வண்டல்தான் இது. ஏரி உடைந்து வடிந்தபின் காற்றும் ஓடையும் அதை இப்படிச் செதுக்கிவிட்டன. இங்கே ஏரி இருந்தது, ஒரு துறவி வந்து அதை வடியவைத்தார் என்று மடாலயத்துக் கதையும் சொல்கிறதாம். கதையும் நிலவியலும் இவ்வளவு ஒத்துப்போவதை நான் அதிகம் பார்த்ததில்லை. இப்படி ஏரியடியில் படிந்த களிமண்ணை லடாக்கியில் மார்கலாக் என்கிறார்கள், வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்க அதைத்தான் மெழுகுகிறார்கள்.

ஏரி அடைபட்டு உடைவது பழங்கதை மட்டும் இல்லை. 2014 டிசம்பர் 31 அன்று ஜான்ஸ்கார் பக்கம் புக்தால் மடாலயத்துக்கு அருகே மலை சரிந்து சாரப் ஆற்றை அடைத்தது. நான்கு மாதம் தண்ணீர் தேங்கி, 2015 மே 7 அன்று உடைத்துக்கொண்டு கிளம்பி, வழியில் இருந்த பாலங்களை அடித்துப்போனது.

கார்கிலில் திரும்பி சுரு பள்ளத்தாக்கு வழியாக ரங்டும், அங்கிருந்து பென்சி லா. கணவாய் 4,400 மீட்டர் உயரம், எனக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அப்புறம் ஒரு வளைவில் அச்சோ-லே வண்டியை நிறுத்தி, "உன் கலங்கல்" என்று கை காட்டினார்.

டிராங்-டுருங் பனியாறு. 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இரண்டு மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் வெள்ளைச் சாலை, அதன் மேல் டயர் தடம் போலக் கறுப்புக் கோடுகள். பக்கத்து மலைகளிலிருந்து உதிர்ந்த கல்லும் மண்ணும்தான் அந்தக் கோடுகள். அசையாமல் கிடப்பது போலத்தான் தெரிகிறது, ஆனால் தன் எடையிலேயே அது மெல்ல மெல்ல நகர்கிறது. அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் மாதிரி பாறையைத் தேய்த்துக்கொண்டே வருகின்றன. அந்தத் தேய்ப்பில் விழும் தூள் அம்மியில் அரைத்ததை விட நைஸாக இருக்கும். பனி உருகும்போது அது தண்ணீரோடு கிளம்பிவிடும். இங்கிருந்து புறப்படும் டோடா ஆறு பாதும் என்ற ஊர் அருகே சாரப்போடு சேர்ந்துதான் ஜான்ஸ்கார் ஆகிறது. நிம்முவில் நான் படம் எடுத்தது இந்தத் தூளைத்தான். மழை பெய்து கலங்கவில்லை, வெயில் அடித்துக் கலங்கியிருக்கிறது!

பனியாற்றின் முனையில் ஒரு ஏரி, அதில் மிதக்கும் பனிக்கட்டிகள். அதற்கும் முன்னால் மண்மேடுகள். பனி ஒரு காலத்தில் அதுவரை வந்து, கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது. இன்னும் பின்வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அங்கிருந்து பாதும் போகும் வழியில் சாலையை ஓர் ஓடை குறுக்கே கடந்தது. காலையில் டயர் மட்டும் நனையும் இடமாம், மாலை 4 மணிக்கு முழங்கால் ஆழம். பகல் வெயிலில் உருகுவது மாலையில்தான் கீழே வந்து சேரும் என்று அச்சோ-லேக்குத் தெரியும், ஆனால் படம் எடுக்கிறேன் என்று நேரத்தைத் தின்றது நான். நடு ஓடையில் இஞ்சின் நின்றுபோனது. இறங்கித் தள்ளினேன், ஐந்து நிமிடத்தில் கால் மரத்துவிட்டது. தண்ணீருக்குள்ளே கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம் காலில் கேட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவிட்டார்.

அன்று இரவு பாதும் பக்கம் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு அமா-லே, அதாவது அம்மா, வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து கொடுத்தார், பெயர் சாம்பா. நான் அரிசி என்று நினைத்து ஏமாந்தேன். வயலுக்கு ஓடைத் தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிட ஊரில் ஓர் ஆள் உண்டு, சுர்பொன் என்று பெயர், நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டி மாதிரி. வாய்க்காலில் வரும் அந்தச் சாம்பல் தண்ணீர் வயலிலேயே தன் தூளைப் போட்டுவிட்டுப் போகிறது.

டோடா தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பெட்டிக்குள் வைத்து வீடு வரை கொண்டுவந்தேன். மேஜையில் வைத்த மறுநாளும் பால் போலத்தான் இருந்தது. நைஸ் தூள் லேசில் அடியில் உட்காராது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் தெளிந்து, அடியில் விபூதி போல ஒரு மெல்லிய படிவு. படம் எடுக்கலாம் என்று மறுநாள் போனால் பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"கலங்கின தண்ணிடா, செம்பருத்திக்கு ஊத்திட்டேன்" என்றார் அம்மா.